படிக்கட்டில் நின்று சாவி தேடுகிறவர்கள்: கொரியக் குடியேறிகளும் மூச்சுத் திணறலும்

பிளஷிங்_மூச்சுப்பயிற்சி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கும் பணியில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பிளஷிங்கிலும் பேசைடிலும் வாழும் கொரிய முதியவர்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், பழைய காசநோய் விட்டுச்சென்ற தழும்பு, மூச்சுக்குழல் விரிவு நோய், ஆஸ்துமா என்று ஆளுக்கொரு வகை. அவர்கள் மூச்சுத் திணறலை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும் என்றுதான் எண்ணியிருந்தேன். சென்ற மாதம் நடந்த ஒன்று அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது.

எழுபத்து நான்கு வயது அம்மையார் ஒருவரை வீட்டில் பார்க்கப் போனேன். மின்தூக்கி இல்லாத கட்டடம். வீடு மூன்றாம் மாடியில். கீழே கடையிலிருந்து திரும்பியவரை வாசலில் சந்தித்து, இருவரும் சேர்ந்து படியேறினோம். முதல் திருப்பத்தில் நின்று கைப்பையைத் திறந்து சாவியைத் தேடினார். இரண்டாம் திருப்பத்திலும் தேடினார். மூன்றாம் முறை அவர் பைக்குள் கைவிட்டுத் துழாவியபோதுதான், சாவி அவர் கழுத்தில் ஒரு நீலக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டேன். தோள்கள் மேலேறி இறங்கிக்கொண்டிருந்தன. கழுத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் இழுபட்டன. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் இளைப்பாறுவதற்கு வைத்திருந்த அந்த ஒரு வழியும் அடைபட்டிருக்கும்.

மருத்துவக் குறிப்பில் அவருடைய மூச்சுத் திணறல் அளவு 1 என்று பதிவாகியிருந்தது. 0 முதல் 4 வரை செல்லும் எம்எம்ஆர்சி அளவுகோலில் 1 என்றால், விரைந்து நடந்தாலோ மேட்டில் ஏறினாலோ மட்டும் மூச்சு வாங்கும் என்று பொருள். அவர் பொய் சொல்லவில்லை. விரைந்து நடப்பதை அவர் நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நடக்காதவருக்கு நடக்கும்போது எப்படி மூச்சு வாங்கும்?

கொரியக் குடும்பங்களோடு பழகியவர்கள், அங்கே வாழ்ந்தவர்கள், அவர்களுக்கு மருத்துவம் செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று அறிவேன். நாம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதை உங்களிடமிருந்து கற்க விரும்புகிறேன்.

சியோல்_திரும்பியவள்

ஒன்பது ஆண்டுகள் சியோலில் படித்து, வேலையும் பார்த்துவிட்டு, இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் மருத்துவ மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கிறேன். தங்கள் கேள்விக்கு என் பதில் சொற்களிலிருந்துதான் தொடங்கும்.

மூச்சு வாங்குவதைக் கொரியர்கள் "சுமி ச்சாயோ" என்பார்கள். "சும்" என்றால் மூச்சு. "ச்சாதா" என்றால் நிரம்புதல். மிகவும் திணறும்போது, மூச்சு தாடை வரை நிரம்பிவிட்டது என்றே சொல்வார்கள். ஆங்கிலத்தில் இதையே மூச்சுக் குறைவு என்கிறார்கள். ஒரு மொழியில் நிரம்பி வழிவது இன்னொரு மொழியில் பற்றாக்குறை ஆகிவிடுகிறது. நம் "மூச்சு முட்டுகிறது" என்னும் வழக்கு கொரிய மொழிக்குத்தான் அருகில் நிற்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டேன் என்று சொல்லும்போது வருகிற அதே முட்டுதல் அது.

இன்னொரு சொல் "தப்தப்பேயோ". பெரிய சிக்கல் இதில்தான். காற்றோட்டமில்லாத அறை தப்தப். சொன்னதைப் புரிந்துகொள்ளாத மகன் தப்தப். நெஞ்சு இறுகினாலும் தப்தப். ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றைச் சொல் கிடைக்காமல் மொழிபெயர்ப்பாளர்கள் எரிச்சல் என்றோ மனச்சோர்வு என்றோ பெயர்த்துவிட, மருத்துவர் பதற்றத்துக்கு மாத்திரை எழுதிவிடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தமிழில் எனக்குச் சட்டென்று வந்த சொல் புழுக்கம். அறையும் புழுங்கும், மனமும் புழுங்கும். ஆனால் நெஞ்சுக்கூட்டின் புழுக்கத்தை நாம் அப்படிச் சொல்வதில்லை; அவர்கள் சொல்கிறார்கள்.

எனவே "தப்தப்" என்று ஒருவர் சொன்னால், எங்கே என்று கையால் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்து மேலும் கீழும் தேய்ப்பவர் ஒரு கதை சொல்கிறார். விலா எலும்பின் இருபுறமும் பிடித்துக் காட்டுகிறவர் வேறொரு கதை சொல்கிறார்.

நுரையீரல்_மருத்துவர்_சிகாகோ

மேலே எழுதிய அம்மையாரின் சொற்பொருள் விளக்கம் என்னை எழுந்து உட்கார வைத்தது. காரணம், உடலியல் அதற்கு அப்படியே பொருந்துகிறது. அடைப்பு நோயில் உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதே சிரமம். குறுகிய மூச்சுக்குழல்கள் வெளிமூச்சின்போது மடிந்து மூடிக்கொள்ள, பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. வேகமாக நடக்கும்போது அது வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு உள்ளே வந்துவிடும். மூச்சுக்கு மூச்சு நெஞ்சு ஊதிப் பெருத்து, புதுக் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. நுரையீரல் உண்மையிலேயே நிரம்பித்தான் போகிறது. "உங்கள் சொல்தான் சரி, உள்ளே இருப்பதை முதலில் காலி செய்வோம்" என்று சொல்லி உதடு குவித்து ஊதக் கற்றுக்கொடுத்தால், எந்தக் கொரிய முதியவருக்கும் அது ஒரே நாளில் விளங்கிவிடும் என்று நினைக்கிறேன். நாளையே சொல்லிப் பார்க்கப் போகிறேன்.

நோயின் வேர்களைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்காவின் 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு, குறிப்பாக எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்தவர்கள்தான் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் கொரியப் போருக்கு முன்னும் பின்னும் பிறந்த தலைமுறை. காசநோய் வீட்டுக்கு வீடு இருந்த காலம். அந்தத் தழும்பு புகைபிடிக்காதவருக்கும் மூச்சடைப்பைத் தரும். ஆண்களைப் பொறுத்தவரை, 1980 வாக்கில் தென்கொரிய ஆண்களில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினர் புகைபிடித்தார்கள். 1949 முதல் 1981 வரை படைவீரர்களுக்கு ஹ்வாராங் என்னும் சிகரெட் பங்கீடாகவே வழங்கப்பட்டது. கட்டாயப் படைப்பணிக்குப் போன இளைஞன் புகைப் பழக்கத்தோடுதான் வீடு திரும்பினான்.

பெண்களிடம் அடுப்பைப் பற்றிக் கேளுங்கள். "யோன்தான்" என்பது துளைகள் கொண்ட உருளை வடிவ நிலக்கரிக் கட்டி. அதை எரித்த வெப்பத்தைத் தரைக்கு அடியில் செலுத்தித்தான் ஒன்தோல் அறைகளைச் சூடேற்றினார்கள். நடு இரவில் எழுந்து, அணையப்போகும் கட்டியின் மேல் புதுக் கட்டியைத் துளைக்குத் துளை பொருத்தி வைத்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். தரை வெடிப்பில் கசிந்த கார்பன் மோனாக்சைடால் குளிர்காலம்தோறும் உயிர்கள் போயின. மயங்கியவருக்குத் தோங்ச்சிமி என்னும், முள்ளங்கியைப் புளிக்கவைத்துச் செய்யும் கிம்ச்சியின் நீரைப் புகட்டுவது அக்கால வழக்கம். புகைபிடித்ததுண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தவுடன் பக்கத்தைத் திருப்பிவிடும் மருத்துவர், பல குளிர்காலங்களின் புகையைத் தவறவிடுகிறார்.

ஓர் எச்சரிக்கை. "ஹ்வாப்யோங்", அதாவது சினத்தை அடக்கி அடக்கி வரும் நோய், 1994-இல் அமெரிக்க மனநோய்க் கையேட்டின் பின்னிணைப்பில் இடம்பெற்றது. நெஞ்சிறுக்கமும் பெருமூச்சும் அதன் அறிகுறிகள். அதைப் படித்துவிட்டு, கொரியப் பெண் நெஞ்சிறுக்கம் என்றாலே அதுதான் என்று முடிவு கட்டும் இளம் மருத்துவர்களைக் காண்கிறேன். முதலில் ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைச் செய்யுங்கள். மொத்தமாக ஊதிய காற்றில் முதல் நொடியில் ஊதியதன் விகிதம் 0.70-க்குக் கீழே இருந்தால் அது நுரையீரலின் குரல். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதும் உண்மை.

ஒலிம்பிக்_தெருக்காரன்

மதிப்புக்குரிய நண்பர்களுக்கு, ஒரு மாற்றுக் கருத்து. லாஸ் ஏஞ்சலிஸில் ஒலிம்பிக் பெருவீதிக்கு அருகே இருபது ஆண்டுகள் கடை வைத்திருந்தேன். பக்கத்துக் கடைக்காரர் கொரியர். அவர் இருமலை அடக்கிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்ததைப் பண்பாடு என்றும் பொறுமை என்றும் நீங்கள் பெயரிடுவீர்கள். அவருக்குக் காப்பீடு இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம். நாளுக்குப் பதினான்கு மணி நேரம் கடை. கடையை மூடினால் அன்றைய வருமானம் இல்லை. 1992 ஏப்ரல் கலவரத்துக்குப் பிறகு கடைகளை மீண்டும் எழுப்பக் கடன் வாங்கிய தலைமுறை அது.

பிள்ளைகள் அழைத்து முதுமையில் வந்தவர்களின் நிலை இன்னும் கடினம். பத்தாண்டு உழைத்து வரி கட்டிய கணக்கு இருந்தால்தான் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் மருத்துவமனைப் பகுதி கட்டணமின்றிக் கிடைக்கும். அந்தக் கணக்கு இல்லாதவர் இன்ஹேலரை எண்ணி எண்ணித்தான் இழுப்பார். "க்வென்ச்சானாயோ", பரவாயில்லை, என்று அவர் சொல்வதற்குப் பின்னால் ஒரு விலைச்சீட்டு இருக்கலாம். அதையும் கேளுங்கள்.

சியோல்_திரும்பியவள்

ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். நான் அதோடு சேர்க்க விரும்புவது, அந்த விலையை வாய்விட்டுச் சொல்லும் நிலையிலும் அவர்கள் இருப்பதில்லை என்பதே. ஒரு முறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையில், மொழிபெயர்ப்பாளரை அழைக்காமல் பன்னிரண்டு வயதுப் பேத்தியை வைத்தே பேசி முடித்திருந்தார்கள். இரவில் தூங்க முடிகிறதா என்ற கேள்விக்கு நன்றாகத் தூங்குகிறேன் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் நான் தனியே கேட்டபோது, நான்கு மாதங்களாக நாற்காலியில் சாய்ந்தபடி தூங்குவதாகச் சொன்னார். பேத்தி முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று அவர் என்னிடமே கேட்டார். குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்ற விதி, அவசர நிலை நீங்கலாக, அமெரிக்க மருத்துவ நிறுவனங்களுக்கு இருக்கிறது. இருந்தும் நடக்கிறது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

டூயிஸ்பர்க்_செவிலி

அமெரிக்காவை மட்டும் பேசுகிறீர்கள், ஜெர்மனியை மறந்துவிடாதீர்கள். 1963 முதல் 1977 வரை ஏறத்தாழ 7,900 கொரிய ஆண்கள் ரூர், ஆகென் பகுதிகளின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்தார்கள். அதே காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கொரியச் செவிலியர் வந்தார்கள். மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர், சிலர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போயினர், செவிலியரை மணந்து இங்கேயே தங்கியவர்களும் உண்டு. என் முதியோர் இல்லத்தில் அப்படி ஓர் இணையர் இருக்கிறார்கள்.

அந்த ஐயா சுரங்கத்தில் இறங்கும்வரை கரியைக் கையால் தொட்டதில்லை. ஊரில் பள்ளிப் படிப்பு முடித்து எழுத்தர் வேலை பார்த்தவர். இப்போது அவருக்கு உடை மாற்றவே இருபது நிமிடம் ஆகிறது. காலுறை போடக் குனிந்தால் மூச்சு நின்றுவிடும் போலாகிறது என்பதால், ஒரு காலை மறு முழங்கால் மேல் ஏற்றி வைத்துப் போட்டுக்கொள்கிறார். அவருடைய மனைவி நாற்பதாண்டு செவிலியராக இருந்தவர். கணவர் கேட்காமலே சட்டையை அறையைச் சூடேற்றும் ரேடியேட்டர் மேல் சூடாக்கி வைப்பார். ஆனால் கையை மட்டும் நீட்ட மாட்டார். "உதவினால் நாளை இதையும் அவர் விட்டுவிடுவார்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவரிடமிருந்து நான் கற்றது எங்கள் பயிற்சிக் கையேட்டில் இல்லை.

ஜெர்மனியில், கல்தூசியால் நுரையீரல் தழும்பேறும் சிலிக்கோசிஸ் 1929 முதலே தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. சுரங்கத் தொழிலாளரின் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் 1997-இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கும் ஒரு கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் தூசி என்பதை ஆண்டுகளால் பெருக்கி 100 என்ற அளவை எட்ட வேண்டும். மூன்றே ஆண்டு இறங்கியவருக்கு அது எட்டாக் கனி.

பாலிசேட்ஸ்_மருமகள்

நான் நியூ ஜெர்சியில் கொரியக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட தமிழ்ப் பெண். மாமியாரை ஓமோனிம் என்றுதான் அழைக்கிறேன். பத்தொன்பது வயதில் காசநோய் கண்டு பிழைத்தவர். இப்போது மூச்சுக்குழல் விரிவு நோய். வீட்டுக்குள் நடப்பதை எழுதுகிறேன், உங்களுக்குப் பயன்படலாம்.

தொராஜி என்னும் கிழங்கு வேரையும் கொரியப் பேரிக்காயையும் மணிக்கணக்கில் வேகவைத்த சாறு எங்கள் குளிர்பெட்டியில் எப்போதும் இருக்கும். சளி இளகும் என்பது அவர் நம்பிக்கை. குடிக்கட்டும், வெதுவெதுப்பாக ஏதேனும் குடிப்பது அவருக்கு நல்லதே. குளிர்ந்த நீர் நிறையக் குடியுங்கள் என்று மருத்துவர் சொன்னபோது தலையாட்டிவிட்டு ஒரு மிடறும் குடிக்காதவர், போரிச்சா என்னும் பார்லித் தேநீராகக் கொடுத்தால் நாள் முழுதும் குடிக்கிறார்.

நவம்பரில் கிம்ச்சி போடும் நாள்தான் எனக்கு அச்சம் தருவது. முன்பெல்லாம் தரையில் குந்தி, பெரிய தொட்டியின் மேல் குனிந்து, நாற்பது முட்டைக்கோசுகளின் இதழ் இதழாக மசாலா தடவுவார். குனிந்தால் வயிறு உதரவிதானத்தை அழுத்துகிறது, இரு கைகளையும் ஓயாமல் ஆட்டினால் மூச்சுக்கு உதவும் தோள் தசைகள் வேலையில் மாட்டிக்கொள்கின்றன. இரண்டாண்டுகளுக்கு முன் பாதியில் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்டிருந்தார், இரைப்பது எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று. அடுத்த ஆண்டு உணவு மேசையில் தொட்டியை வைத்து, முழங்கை ஊன்றும் உயரத்துக்கு நாற்காலி போட்டேன். உப்பு சரிபார்க்கும் அதிகாரம் ஓமோனிமுக்கு, இதழ் பிரிக்கும் வேலை எனக்கு. பன்னிரண்டு முட்டைக்கோசோடு நிறுத்தினோம். அவர் அன்று குளியலறைக்குப் போகவில்லை.

மின்விசிறி பற்றியும் ஒன்று. முகத்தில் காற்றுப் படும்படி விசிறி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூடிய அறையில் விசிறியைப் போட்டுத் தூங்கினால் இறந்துபோவோம் என்ற நம்பிக்கை கொரிய முதியவர்களிடம் பரவலாக உண்டு. அங்கு விற்கும் விசிறிகளில் நேரம் வைத்து அணைக்கும் வசதியும் இருக்கும். அவர் மறுத்துவிட்டார். புச்சே என்னும் காகித விசிறியைக் கையில் கொடுத்தேன். இப்போது மூச்சு முட்டும்போது மூக்குக்கும் கன்னத்துக்கும் நேராக அவரே வீசிக்கொள்கிறார்.

நுரையீரல்_மருத்துவர்_சிகாகோ

அம்மா, காகித விசிறியே போதும். முகத்தின் தொடுவுணர்வைச் சுமக்கும் நரம்பில் குளிர்காற்றுப் படுவதுதான் திணறல் உணர்வைத் தணிக்கிறது. விசிறி எதனால் சுழல்கிறது என்பது பொருட்டன்று.

மூலிகைச் சாறு பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். பேரிக்காயும் தொராஜியும் எனக்குக் கவலை தரவில்லை. கொரிய மருத்துவர் கொடுக்கும் கசாயத்தில் அதிமதுரம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். மருந்துக்கடை அதிமதுரம் போல என்று அவர்களுக்குப் பழமொழியே உண்டு, எல்லாவற்றிலும் தவறாமல் இருக்கும் என்னும் பொருளில். நாள்பட உண்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். மூச்சுக்குழல் விரிப்பு மருந்துகளும் ஸ்டீராய்டும் பொட்டாசியத்தைக் குறைப்பவையே. மாஹ்வாங் என்னும் மூலிகையில் எபெட்ரின் உள்ளது. இன்ஹேலரோடு சேர்ந்தால் இதயம் படபடக்கும். விட்டுவிடச் சொல்லிக் கடிந்தால் மறைத்துக் குடிப்பார்கள். பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

ஒலிம்பிக்_தெருக்காரன்

பக்கத்துக் கடைக்காரரைப் பற்றி முன்பு எழுதியதோடு இதையும் சேர்க்க விரும்புகிறேன். இப்போது அவருக்கு எண்பத்தொரு வயது. ஆக்சிஜன் வேண்டும் என்றாகிவிட்டது. இரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்தவர்கள் நாளுக்குப் பதினைந்து மணி நேரமாவது எடுத்துக்கொண்டால் ஆயுள் கூடும் என்று அவர் மகன் எனக்கு விளக்கினான். வீட்டில் எடுத்துக்கொள்கிறார். வெளியே குழாயோடு வர மாட்டேன் என்று அதிகாலைத் தொழுகையை நிறுத்திவிட்டார். முப்பதாண்டுகளாக விடியலுக்கு முன் தேவாலயத்தில் இருந்த மனிதர்.

2025 ஜனவரிக் காட்டுத்தீயின் புகை நகரை மூடியபோது தேவாலயத்திலிருந்து இருவர் முகக்கவசமும் காற்றுச் சுத்திகரிப்பானும் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய், தோளில் சிறு இயந்திரம். "கடைசி வரிசையில் மின் இணைப்பு இருக்கிறது, அங்கே இருவர் உட்காரலாம்" என்றாராம். மருத்துவர் மூன்று ஆண்டுகள் சொல்லிக் கேட்காதவர், பிப்ரவரியில் போனார். பாடல்களில் அவர் வாய் அசைப்பதோடு சரி. கடைசி அடியை மட்டும் குரல் விட்டுப் பாடுகிறார் என்று மகன் சொன்னான்.

பிளஷிங்_மூச்சுப்பயிற்சி

எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று அந்த அம்மையாரை மீண்டும் பார்த்தேன். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. போன ஆண்டு செய்து இந்த ஆண்டு விட்டுவிட்ட வேலை எது என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டேன். வெகு நேரம் யோசித்தார். அரிசி மூட்டை, குளியல் தொட்டி தேய்ப்பது என்று சொல்லிவிட்டு, தொலைபேசி என்றார். சிகாகோவில் இருக்கும் பேத்தியோடு பேசும்போது ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன்பே மூச்சு நின்றுவிடுவதால், ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பு வந்தால் எடுக்காமல் விட்டிருக்கிறார். வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

உள்ளே நிரம்பியதை முதலில் காலி செய்வோம் என்று மருத்துவர் ஐயா எழுதிய சொற்களை அப்படியே சொன்னேன். முகம் மலர்ந்து, தாடையைத் தொட்டுக் காட்டினார். உதடு குவித்து, உள்ளே இரண்டு எண்ணும் நேரம், வெளியே நான்கு எண்ணும் நேரம். பிறகு பேசிப் பழகினோம்: மூச்சை விடும்போது நான்கு சொல், நிறுத்தம், மீண்டும் நான்கு சொல்.

கட்டடப் பொறுப்பாளரிடம் கேட்டு இரண்டாம் திருப்பத்தில் சுவரோடு மடித்துவைக்கும் நாற்காலி ஒன்றைப் பொருத்தச் சொல்லியிருக்கிறேன். அம்மையார் முதலில் வேண்டாம் என்றார். நான்காம் மாடியில் இருக்கும் கர்ப்பிணிக்கும் உதவும் என்று நான் சொன்னதும், சரி என்று தலையசைத்தார். வரும் செவ்வாய்க்கிழமை அவரோடு மீண்டும் படியேறப் போகிறேன். ஞாயிறு வந்த அழைப்பை அவர் எடுத்தாரா என்பதையும் அன்று கேட்க வேண்டும்.